ஆற்றுவாயில் நின்றவர்கள்

அன்று ஆற்றுவாயில் நின்றவர்கள் இவர்கள்: வயலுக்கும் தண்ணீருக்கும் பொறுப்பான வட்டவிதானையாக இருந்த என் மாமா. என் அப்பா. கோயில் நிர்வாகம் பார்த்த வண்ணக்கர். பள்ளிக்கூடத்து வாத்தியார். சந்திக் கடைக்காரர். வண்டில்காரத் தமையனும் தம்பியும். வெல்லாவெளிப் பக்கமிருந்து வந்து மாமாவின் வயலில் வேலை செய்த மூன்று பேர். தபால்காரர். இந்தப் பதினொரு பேர் கையிலும் மண்வெட்டி இருந்தது. மண்வெட்டி இல்லாமல் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் காத்தான்குடியிலிருந்து வந்து எங்கள் பக்கத்து ஆற்றில் வலை போட்ட முஸ்லிம் மீனவர், தண்டயல் காக்கா. மற்றது நான். எனக்குப் பதினொரு வயது. என் கையில் தேத்தண்ணிக் கேத்தில் இருந்தது.

பதின்மூன்று பேர். கூடவுமில்லை, குறையவுமில்லை. இதை எழுத முதல் மூன்று நாட்களாக விரல் விட்டு எண்ணினேன். எண்ணி முடித்துப் படுத்தால், யாரையோ விட்டுவிட்டேனோ என்று எழும்பி மறுபடியும் எண்ணுவேன். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் போய்ப் பார்க்கிற ஆள் நான். இப்போது இந்தப் பேச்சை எடுத்தால் ஊர் என்ன சொல்லும், உங்கள் பிள்ளைகள் என்னைக் கண்டால் முகம் கொடுப்பார்களா என்றெல்லாம் யோசித்து யோசித்துத்தான் இத்தனை வருடம் கழிந்தது.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பாதிப்பேர் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அதனால்தான் ஊர் ஆட்களான உங்களுக்கு எழுதுகிறேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். மாமாவின் மகளுடைய பேத்திக்கும் வண்ணக்கர் வீட்டுப் பேரனுக்கும் இந்த ஆவணியில் நடக்க இருந்த கலியாணம் நின்றுபோய்க் கிடக்கிறது. பிள்ளைகள் இரண்டும் விரும்பியவர்கள். சாதகம் பொருந்தியது. குடி பொருந்தியது. பொருந்தாமல் போனது ஐம்பத்தேழு வருடத்துக்கு முந்திய ஒரு பகல் மட்டும். அந்தப் பிள்ளை போன மாதம் என் வீட்டுக்கு வந்து, "அம்மம்மா, எங்கட பூட்டன் என்னதான் செஞ்சவர்? ஒருத்தரும் சரியாச் சொல்றாங்க இல்லையே" என்று கேட்டது. அது மாமாவைப் பூட்டன் என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறது. அவ்வளவு பழைய ஆளாகிவிட்டார் மாமா. நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். எனக்கு என்மீதே எரிச்சல்.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. புத்தகத்தில் வாவி என்று இருக்கும், நமக்கு ஆறு. அக்கரை படுவான்கரை. வயல் முழுக்க அங்கேதான். மாரியில் ஆறு நிரம்பி வயல் வட்டைக்குள் ஏறும். ஆற்றையும் கடலையும் பிரித்து அடைத்துக் கிடக்கிற மணல் திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்குப் போகும். வெட்டுவது பெரிய வேலை இல்லை. நாலு முழ அகலத்தில் ஒரு வாய்க்கால் இழுத்துவிட்டால் மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். எந்த நாளில் வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிந்தினால் பயிர் அழுகும். முந்தினால் கடல் உள்ளே வரும். அந்த நாளைப் பார்ப்பது வட்டவிதானையின் பொறுப்பு. அதற்கு மேல் அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு அனுமதிக் கடுதாசியும் வரவேண்டும்.

அந்த மாரியில் பத்து நாள் விடாமல் மழை. உங்களுக்கு நினைவிருக்கும், நாம் பள்ளிக்கூடக் கொப்பிகளை வாழைச்சருகில் சுற்றிக்கொண்டு போவோம். எங்கள் வீட்டு நிலம் கால் வைத்தால் பிசுபிசுத்தது. உப்புச் சிரட்டைக்குள் உப்பு தண்ணீராகிக் கிடந்தது. பதினோராம் நாள் காலை அந்தப் பத்துப் பேரும் மாமா வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்கள். குடைகள் இரண்டு, மற்றவர்கள் தலையில் சாக்கு.

மாமா முதலில் சம்மதிக்கவில்லை. "கடுதாசி வரட்டும்" என்றார்.

"கடுதாசி வரக்குள்ள பயிர் கஞ்சியாப் போயிரும்" என்றார் வாத்தியார்.

"நானே தபால்காரன். இண்டைக்கும் ஒண்டும் வரல்ல" என்றார் தபால்காரர்.

வண்ணக்கர் மாமாவின் தோளில் கை வைத்தார். "விதானையார், நீங்க முதல் வெட்ட வெட்டுங்க. என்ன வந்தாலும் நாங்க பத்துப் பேர் நிக்கிறம்."

மாமா குற்றமில்லாத ஆள் என்று நான் சொல்ல வரவில்லை. தன்னை ஊர் கெஞ்சுவது அவருக்குப் பிடிக்கும். கெஞ்சி முடியும்வரை வெற்றிலை மென்றுகொண்டு இருப்பார். ஒருமுறை, தான் போகும்போது எழும்பவில்லை என்று ஒரு கைம்பெண்ணின் வயலுக்கு ஒரு நாள் தண்ணீர் விடாமல் வைத்தவர். அன்றும் அவர் முகத்தில் அந்தப் பெருமை இருந்தது. எனக்கு அது அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

அம்மா சீதனமாகக் கொண்டுவந்த நீல எனாமல் கேத்தில் நிறைய இஞ்சித் தேத்தண்ணி ஊற்றி, மூடியைத் துணியால் கட்டி என்னிடம் தந்தா. ஒரு சிரட்டையில் சீனி. நான் போய்ச் சேர்ந்தபோது பாதி வெட்டியிருந்தார்கள். தண்டயல் காக்கா கரையில் குந்தியிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடியார், ரெண்டு நாள் பொறுங்க" என்றார் மாமாவைப் பார்த்து. "பறுவ நிலவு கழியட்டும். கடல் ஏறிப் போய் இரிக்கி. மழை விட்டுதோ, உள்ள இரிக்கிற தண்ணி வடிஞ்சி, கடல் திரும்பி வரும்."

"நீ மீனப் பாரு. நெல்ல நான் பாக்கன்" என்றார் மாமா. பத்துப் பேரும் சிரித்தார்கள்.

"நெல்லுக்கும் மீனுக்கும் தண்ணி ஒண்டுதான் போடியார்" என்று சொல்லிவிட்டு அவர் தள்ளி நின்றார். போகவில்லை. ஒரு மண்வெட்டி மண்ணையும் தள்ளவில்லை.

கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டு எல்லோரும் தேத்தண்ணி குடித்தார்கள். கோப்பை மூன்றுதான். ஒருவர் குடித்ததும் மழைத் தண்ணியில் அலசி அடுத்தவருக்குக் கொடுத்தேன். யார் யாருக்குக் கொடுத்தேன் என்பது அதனால்தான் மறக்கவில்லை. அப்பா கடைசியாகக் குடித்தார். வாத்தியார் எனக்கு, "சீனி காணாது புள்ள" என்றார்.

பகல் சாய முதல் ஆற்றுவாய் உடைத்துக்கொண்டது. மணல் சுவர் இரண்டு பக்கமும் தொம் தொம் என்று விழுந்தது. தேத்தண்ணி நிறத்தில் ஆறு கடலுக்குள் பாய்ந்தது, வாழை மரம், கோழிக்கூடு, யாரோ ஒருவரின் ஒற்றைச் செருப்பு எல்லாம் இழுத்துக்கொண்டு. ஆட்கள் கூவினார்கள். வண்டில்காரத் தம்பி என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார். அவ்வளவு சந்தோசத்தை நம் ஊர் ஆண்களின் முகத்தில் நான் அதற்குப் பிறகு காணவில்லை.

அடுத்த நாள் மழை விட்டது.

மூன்றாம் நாள் கடல் வந்தது. அலை அடித்துக்கொண்டு வரவில்லை. சத்தமில்லாமல் ஏறியது. அப்பா ஆற்றில் கை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்தார். இரண்டு கிழமையில் மூன்று வட்டைப் பயிரும் நுனியிலிருந்து கருகியது. இலை ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பொரிந்திருந்தது. ஆனால் உப்புத் தண்ணிக்கு இறால் வந்தது. அப்படி ஒரு இறால் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அத்தாங்கு வலையை வைத்து அள்ளினோம். அரிசிக்கு வழியில்லை, மரவள்ளிக் கிழங்கும் இறாலும்தான் சாப்பாடு. வாய் நிறைய இறாலை வைத்துக்கொண்டுதான் ஊர் மாமாவைத் திட்டியது.

கச்சேரியிலிருந்து ஒரு ஐயா விசாரணைக்கு வந்தார். நம் பள்ளிக்கூடத்தில், நம் வகுப்பில்தான் நடந்தது. கடுதாசி இல்லாமல் வெட்டியது குற்றம், வெட்டியவர்கள் எல்லோருக்கும் மறியல், சிறைதான், என்று யாரோ கதை பரப்பிவிட்டார்கள். ஒவ்வொருவராகப் போய், "நான் போகல்ல" என்றார்கள். வண்ணக்கர் கோயிலில் பூசை என்றார். வாத்தியார் காய்ச்சல் என்றார். கடைக்காரர் கடையை யார் பார்ப்பது என்று திருப்பிக் கேட்டார். அப்பா அம்மன்மீது சத்தியம் செய்தார். கேத்தில் கொண்டு போனதைக் கண்ட யாரோ சொல்லி, என்னையும் கூப்பிட்டார்கள்.

"பிள்ளை, நீர்தானே தேத்தண்ணி கொண்டு போனது? யாருக்கு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமாவுக்கு."

"வேறு யார் நின்றது?"

"ஒருத்தரையும் காணல்ல."

அவர் அந்தக் கேத்திலைக் கொண்டுவரச் சொன்னார். அம்மா கொண்டு வந்தா. தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளே இருபது கோப்பை பிடிக்கும். இவ்வளவையும் உம்முடைய மாமா தனிய குடிப்பாரோ?" என்று கேட்டார்.

"ஓம். குடிப்பார்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நீங்களும் சிரித்தீர்கள். அந்தப் பத்துப் பேரும் சிரித்தார்கள். மாமா மட்டும் என்னையே பார்த்தார். பிறகு அந்த ஐயாவிடம் திரும்பி, "புள்ள பொய் சொல்லாது ஐயா. நான் தேத்தண்ணி கூடக் குடிக்கிற ஆள்" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. அதற்குப் பிறகும் அவர் ஒரு பெயரும் சொல்லவில்லை. நான் இத்தனை வருடமும் மன்னிப்பு, மன்னிப்பு என்று கோயிலிலும் கூட்டத்திலும் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு நடந்தது அந்த ஒரு தரம்தான். அதை வாங்கிக்கொண்டு நான் என்ன செய்தேன் என்றால், வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

விதானை வேலை போனது. வைகாசிச் சடங்குக்கு முன் கோயிலில் கூட்டம் கூடி மாமாவுக்கு ஆயிரம் ரூபாய் தெண்டம் போட்டார்கள். அதைக் கோயில் கொப்பியில் எழுதி வாசித்தவர் வண்ணக்கர். தெண்டம் தீரும்வரை அந்த வீட்டு மடைப்பெட்டி, அம்மனுக்குப் படையல் கொண்டுபோகிற பெட்டி, கோயிலுக்குள் வரக்கூடாது. மற்ற வீட்டுப் பெட்டிகள் எல்லாம் வெள்ளைத் துணி கட்டி, தலையில் ஏறிப் போகும்போது மாமி வேலிக்குள் நின்று பார்ப்பா. அந்தக் காலத்து ஆயிரம் ரூபாய். மாமா ஐம்பதும் இருபதுமாகச் சாகும்வரை கட்டினார்.

ஒரு ஆள் தனியாக ஆற்றுவாய் வெட்ட ஏலுமா என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் இன்றுவரை ஆறாமல் கிடக்கிறது. வேலை தெரிந்த ஆட்கள். ஒரு பாத்தி கட்டவே இரண்டு பேர் வேண்டும் என்று தெரிந்தவர்கள்.

மாமாவுக்கு நாம்தான் பெயர் வைத்தோம். "கேத்தில்." அவர் சைக்கிளில் போனால் பின்னால் ஓடி, "கேத்தில், ஒரு தேத்தண்ணி" என்று கத்துவோம். ஓம், நானும் கத்தினேன். கத்தாவிட்டால் என்னைக் கத்துவீர்கள் என்று பயம். இன்றைக்கும் தபால் கொடுக்கிற பொடியன் அந்த வீட்டைக் கேத்தில் வீடு என்றுதான் கேட்டுப் போகிறான். அவனுக்கு ஏன் என்று தெரியாது.

எங்கள் ஆட்களின் கோபம் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏச மாட்டோம். கண்டால் சிரிப்போம். அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம், அவ்வளவுதான். அம்மா தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்குப் போவா, வாசலில் நிற்பா, "வயிறு நிறைஞ்சி கிடக்கு" என்று சொல்லிவிட்டு வருவா. வீட்டில் எங்களுக்குக் கிழங்கும் இல்லாத நாள் அது.

ஒரு நாள் பகல் நான் மாமா வீட்டில் நின்றபோது தண்டயல் காக்கா ஒரு கோர்வை மீனோடு வந்தார். வேலிப் படலைக்குள் கால் வைத்ததுமே தொடங்கினார்.

"போடியார், நீங்க மனிசனா? நான் படிச்சிப் படிச்சிச் சொன்னனா இல்லையா? வாய் கிழிஞ்ச கிழிவுல எண்ட வலை ரெண்டும் கடலுக்குப் போய்த்து. மீனப் பாரு எண்டீங்களே. இப்ப நீங்க எதப் பாக்கீங்க?"

அரை மணித்தியாலம் ஏசினார். மாமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஏசி முடித்துவிட்டு வாய் கொப்பளித்து, "மாமிட்டச் சொல்லு புள்ள, பசிக்கி" என்றார் என்னிடம். மாமி மரவள்ளிக் கிழங்கும் மீன் சொதியும் வைத்தா. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். மாமா பரிமாறும்போது கை தவறிச் சொதி நிலத்தில் ஊற்றுப்பட்டது. "பார்த்து ஊத்துங்க, இதயும் வெட்டி உட்றாதீங்க" என்றார் காக்கா. மாமா அந்த மாரிக்குப் பிறகு சிரித்ததை நான் கண்டது அப்போதுதான்.

அவர் நட்டப்பட்டவர். ஏசினார், சாப்பிட்டார். எங்கள் ஆட்கள் ஏசவுமில்லை, சாப்பிடவுமில்லை. பிறகு தமிழரும் முஸ்லிமும் பகைத்த கெட்ட வருடங்களில் அவர் எங்கள் பக்கம் வர ஏலாமல் போனது. எங்களுக்கும் அவர் பக்கம் போக ஏலாமல் போனது. எங்கே எப்படி மௌத்தானார் என்றுகூட எனக்குத் தெரியாது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வறுமைதான் காரணம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அதுவும்தான். ஆனால் வாத்தியார் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கை தூக்கினாலும் என்னைத் தாண்டிப் பின் வாங்கைப் பார்ப்பார். என் முகத்தைப் பார்க்க அவருக்குப் பயம், அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். பெரிய ஆளுக்கு ஒரு பிள்ளையிடம் பயம் வரும் என்று அந்த வயதில் எப்படித் தெரியும்? நான் மொக்கு, அதனால்தான் கேட்கவில்லை என்று நினைத்து நின்றுவிட்டேன். கேத்தில் பிறகு அம்மாவின் கையால் அடுப்பில் ஏறவே இல்லை. குறுணி போட்டுக் கோழிக்கு வைத்தா. இடம்பெயர்ந்த ஒரு நாளில் அது எங்கேயோ போய்விட்டது.

இனி இன்றைய கதைக்கு வருகிறேன். மாமா எழுநூறு ரூபாய் கட்டிவிட்டுச் செத்தார். முந்நூறு மிச்சம். ஊரில் வீடுகள் எரிந்தன, காணி உறுதிகள் எரிந்தன, ஆனால் அந்தக் கோயில் கொப்பி மட்டும் எரியவில்லை. பெண் பார்க்கப் போனபோது யாரோ அதை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். முந்நூறு ரூபாய்க்கு இன்றைக்கு இரண்டு தேங்காய் வாங்கக் காணாது. நான் கட்டிவிடுகிறேன் என்று மாமாவின் மகளிடம், என் மச்சாளிடம், போனேன்.

"கட்டினா என்ன அர்த்தம் மச்சாள்?" என்றா. "எங்கட அப்பா தனியத்தான் வெட்டினார் எண்டு நானும் கையெழுத்து வைச்ச மாதிரி. அவர் தன்ட பங்குக்கு மேல கட்டிப்போட்டுத்தான் போனவர். மிச்சம் எங்கட கடன் இல்ல."

"பெட்டையிட கலியாணம் நிக்குதே."

"நிக்கட்டும். எங்களக் கேத்தில் எண்டு கூப்பிடுற வீட்டுக்கு அவள் தலை குனிஞ்சி போகத் தேவையில்ல."

அடுத்ததாக இப்போதைய வண்ணக்கரிடம் போனேன். பழைய வண்ணக்கரின் மகன். நம்மோடு படித்தவர்தான், இரண்டு வகுப்புக் கீழே.

"அந்த ஆக்கள் எழுதினத நான் எப்பிடி அக்கா வெட்டுற?" என்றார்.

"எழுதின உங்கட அப்பாவும் அங்க நிண்டவர் தம்பி."

"ஆர் கண்டது?"

"நான் கண்டன். நான்தானே தேத்தண்ணி குடுத்தன்."

அவர் கோபிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "ஒருத்தரையும் காணல்ல எண்டு கச்சேரி ஐயாக்கு முன்னால சொன்னதும் நீங்கதானே அக்கா? நான் சன்னலால பார்த்துக்கொண்டு நிண்டன்."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவர் சொன்னது சரி. இந்த ஊரில் மாமாவுக்கு எதிராக இருக்கிற ஒரே சாட்சி நான்தான். ஆகவே இதை எழுத்தில் வைக்கிறேன்: அன்று நான் பொய் சொன்னேன். பதினொரு வயதில் ஒரு தரம், பிறகு வாயை மூடிக்கொண்டு ஐம்பத்தேழு வருடம். என் அப்பா அங்கே நின்றார். அம்மன்மேல் பொய்ச் சத்தியம் செய்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆறு பிள்ளைகள், மறியலுக்குப் பயந்தார். உங்கள் அப்பாமாரும் அப்படித்தான். நான் அவர்களைக் கூண்டில் ஏற்ற வரவில்லை. செத்தவர்களை ஏற்றி எனக்கு என்ன? பத்துப் பேருக்குக் கிடைத்த பொறுதி பதினோராவது ஆளுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அதற்குத்தான் முந்நூறைப் பத்தாகப் பிரித்தேன். தலைக்கு முப்பது ரூபாய். காசுக்காக இல்லை, "எங்கட அப்பாவும் நிண்டவர்" என்று சொல்லி முப்பது தரவேண்டும். அப்படித் தீர்ந்தால் தனக்குச் சம்மதம் என்று மச்சாளும் சொல்லிவிட்டா. கொப்பியில் கோடு இழுப்பேன் என்று வண்ணக்கரும் சொல்லிவிட்டார்.

முதல் முப்பது என் அப்பாவுக்காக நான் வைத்தேன். வெல்லாவெளியிலிருந்து அந்த மூன்று பேரின் பிள்ளைகளும் பஸ் ஏறி வந்தார்கள். பஸ் காசே அதைவிடக் கூட. "எங்கட அப்பா சாகும் வரைக்கும் இதத்தான் பொலம்பினவர்" என்றான் ஒருவன். வண்டில்காரர் இருவருக்கும் சேர்த்து, கட்டாரில் இருக்கிற பேரன் அறுபது அனுப்பினான். தபால்காரரின் மகள் சில்லறையாகக் கொண்டுவந்து எண்ணித் தந்தா.

கடைக்காரரின் மகன் ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினார். "அப்பா நிண்டதுக்கு இல்ல. கோயிலுக்கு எண்டு வைங்க. மிச்சம் வேணாம்." திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு பிழை செய்தேனோ என்று இரவெல்லாம் பயம். வாத்தியாரின் மகள் கனடாவில். நான் எழுதி அனுப்பியதற்கு வாட்ஸப்பில் கைகூப்புகிற படம் ஒன்று வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. வண்ணக்கர் கோடு இழுக்கப் பேனாவோடு இருக்கிறார், தன் அப்பாவின் முப்பதை மட்டும் இன்னும் வைக்கவில்லை.

ஆவணிக்கு ஏழு கிழமை இருக்கிறது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கே ஐம்பத்தேழு வருடம் பிடித்தது. ஆனால் அந்தப் பிள்ளை தினமும் பின்னேரம் வந்து என் படலையில் நிற்கிறது, ஒன்றும் கேட்பதில்லை, நானாகச் சொல்லவேண்டும். இன்றைக்கும் சொன்னேன். இன்னும் தொண்ணூறு ரூபாய்.